மாடசாமியிடம் சொல்லாமல் போன கொழும்பு

10 ஆகஸ்ட் 2003, ஞாயிறு

சிங்கப்பூர்ப் பக்கம் சார்ஸ் காய்ச்சல் வந்து பிளேன் எல்லாம் காலியாகப் பறந்த வருஷம் இது. மேட்டூரில் தண்ணி இல்லை, சேத்தியாத்தோப்புப் பக்கம் நடவு இல்லை. அரசாங்க ஊழியர்கள் ஸ்ட்ரைக் பண்ணி வேலை போனது போன மாசம்தான். இலங்கையில் மட்டும் சண்டையை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அதனால் சிங்கப்பூர் என்று பேசிக்கினு இருந்த நாங்கள் கொழும்புக்கு வந்து இறங்கினோம்.

கிழவன் முதுகில் ஒரு பை! பள்ளிக்கூடம் பார்க்காத ஆள் நான். அறிவொளி வகுப்பில் எழுத்துக் கூட்டப் படித்ததோடு சரி. "தினம் ரெண்டு வரி எழுதுங்க தாத்தா, கை பழகும்" என்று அகிலா டீச்சர் சொன்னது. எழுதுகிறேன்.

கூட வந்தவன் கிளமென்ட். நெய்வேலி சுரங்கத்தில் நானும் அவனும் ஒரே ஷிப்ட். லாட்ஜில் ஒரே ரூமில் எட்டுக் கட்டில், மேலே கீழே. சுற்றிலும் வெள்ளைக்காரப் பிள்ளைகள், ஆளைவிடப் பெரிய மூட்டை. கிளமென்ட் மேல் கட்டிலில் ஏறிப் படுத்து, "சவரி, ஷிப்ட் முடிஞ்சா கீழ எறக்கி வுடுடா" என்கிறான். ரூமே திரும்பிப் பார்க்கிற மாதிரி சிரித்தோம்.

மூன்று பேராக வர வேண்டியது.

11 ஆகஸ்ட்

சாயங்காலம் காலிமுகத்திடல். கடலைப் பார்த்துக்கினு இறால் வடை தின்றோம். இவ்வளவு ருசியா ஒரு வடையை நான் தின்றதே இல்லை. தின்று முடித்த பிறகுதான் மூன்றாவது ஆள் ஞாபகம் வந்தது.

எழுதிவிடுகிறேன். மூன்றாவது ஆள் மாடசாமி. திருநெல்வேலிப் பக்கத்துக்காரன். அவனும் எங்க ஷிப்ட்தான், மந்தாரக்குப்பத்தில் எனக்கு அடுத்த தெரு. வெளிநாடு பார்க்கணும் என்று முதலில் கிளப்பியதே அவன்தான். முதலில் பை வாங்கியதும் அவன்தான். ஆனால் ஆஸ்துமா. பத்து எட்டு வைத்தால் நின்று மூச்சு வாங்குவான். "அவன இழுத்துக்கினு எங்கடா சுத்தறது? போற எடத்துல ஒண்ணு ஆயிப்போச்சுன்னா?" என்றான் கிளமென்ட். நான் வேணாம் என்று சொல்லவில்லை. நானே போய், "என் பாஸ்போர்ட்டு போலீசு விசாரணையில மாட்டிக்கிச்சு, பயணம் நின்னுபோச்சு" என்று பொய் சொன்னேன்.

அவன் என் தோளைத் தட்டி, "விடு வே, சேர்ந்தே போவோம்" என்றான்.

12 ஆகஸ்ட், செவ்வாய்

கொச்சிக்கடை அந்தோணியார் கோயில். செவ்வாய்க்கிழமைக் கூட்டம் — நம்ம ஆளு, சிங்களவர், முக்காடு போட்ட அம்மா, எல்லாரும். மாடசாமி மூச்சுக்காக ஒரு மெழுகுத்திரி கொளுத்தினேன். அப்புறம் செய்த பாவத்தைச் சாமியாரிடம் சொல்லப் பாவசங்கீர்த்தனத்துக்கு உட்கார்ந்தேன். சாமியார் தமிழ்க்காரர்.

"அவர் உங்களோட வந்திருந்தா செத்துப்போயிருப்பார்னு நெனச்சீங்களா, தொந்தரவுன்னு நெனச்சீங்களா?"

உள்ளதைச் சொன்னேன். தொந்தரவுன்னுதான் சாமி.

"ஊருக்குப் போனதும் அவர் முகத்தைப் பார்த்து இதைச் சொல்லுங்க. அதுதான் உங்களுக்கு அபராதம்."

13 ஆகஸ்ட்

வீட்டுக்கு போன் போட்டேன். பெட்டிக்கடைக்காரர் என் வீட்டுக்காரி லூசியம்மாளைக் கூப்பிட்டுவிட்டார்.

"இன்னாங்க, அந்த மனுசன் உங்க பாஸ்போர்ட்டுக்காகக் கடலூரு எஸ்.பி. ஆபீசு வரிக்கும் போயிருக்காரு. படியில நின்னு நின்னு ஏறிக்கினு. சவரிராஜ் தங்கமான மனுசன், அவன் மேல ஒரு கேசும் இல்லன்னு கெஞ்சியிருக்காரு."

"அங்க இன்னா சொன்னாங்களாம்?"

"விசாரண போன வருசமே முடிஞ்சிடுச்சேன்னாங்களாம்."

"நீ இன்னா சொன்ன?"

"பொண்ணு வூட்டுக்குப் போயிருக்கீங்கன்னேன். என் மூஞ்சியவே பாத்தாரு. 'சரிம்மா, போன எடத்துல வெயில்ல ரொம்ப அலைய வேண்டாம்னு சொல்லுங்க'ன்னுட்டுப் போயிட்டாரு. இந்தப் பொய்யெல்லாம் என்னால ஆவாதுங்க."

தெரிந்துபோச்சு. பாவி மனுசன் திட்டியிருக்கக் கூடாதா?

14 ஆகஸ்ட்

கிளமென்ட் கண்டிக்குக் கூப்பிட்டான். நான் போகவில்லை, அவன் மட்டும் மலை ஏறப் போனான். கட்டிலில் கிடந்தேன்.

17 ஆகஸ்ட், மந்தாரக்குப்பம்

நேராக மாடசாமி வீட்டுக்குப் போனேன். "வாங்க, உட்காருங்க" என்றான். முப்பது வருஷத்தில் என்னை 'ங்க' போட்டுப் பேசியதில்லை. டீ கொடுத்தான். பயணம் சௌகரியமா என்று கேட்டான். சௌகரியம் என்றேன். சொல்ல வேண்டியதைச் சொல்லவில்லை. டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். என்ன ஆளு நான்?

24 ஆகஸ்ட், ஞாயிறு

பூசையில் நன்மை அப்பம் வாங்க எழுந்திருக்கவில்லை; சாமியார் போட்ட அபராதம் பாக்கி நிற்கிறது. லூசியம்மாள் பார்த்தாள்.

2 நவம்பர்

கல்லறைத் திருநாள். என் அம்மா கல்லறைக்கு வருஷா வருஷம் மாடசாமி ஒரு சாமந்தி மாலை கொண்டுவருவான். இன்றைக்கு இருட்டும் வரை நின்றேன். வரவில்லை.

22 பிப்ரவரி 2004

கிளமென்ட் போய்விட்டான். வேட்டி கட்டிக்கினு நின்றவன் அப்படியே சாய்ந்தானாம். கண்டியில் மலை ஏறின உடம்பு.

மண் போட்டுவிட்டு எல்லாரும் கலைந்த பிறகு மாடசாமி ஒரு வேப்பமரத்தைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கிக்கினு நின்றான். கிட்டே போனேன். செத்தவன் மேல் பழி போடக் கூடாது.

"பொய் சொன்னது நான்தான் மாடசாமி. உன் உயிருக்குப் பயந்தெல்லாம் இல்ல. நீ வந்தா நாங்க நின்னு நின்னு போவணுமேன்னு."

மரத்தை விட்டு நிமிர்ந்து என்னைப் பார்த்தான். "நான்தான் மொதல்ல போவேன்னு நெனச்சீயளோ ரெண்டு பேரும்?"

"ஆமா."

"ஏமாந்தீயளா?" என்றான். சிரிப்பா, இருமலா, தெரியவில்லை. "நட வே. இங்கன நின்னு என்ன செய்யப்போற?"

கல்லறைத் தோட்டத்து வாசல் வரைக்கும் நடந்தோம். அவன் நின்ற இடத்தில் எல்லாம் நானும் நின்றேன்.

சுரங்கத்தில் எங்க ஷிப்டில் என் கூடச் சேர்ந்தவர்களை ராத்திரி படுத்துக்கினு ஒவ்வொருத்தராக நினைத்துப் பார்த்தேன். பரமசிவம் இல்லை, பழனிசாமி இல்லை, இப்போது கிளமென்டும் இல்லை. என்னைத் திட்ட உரிமை உள்ளவன் என்று உயிரோடு இருக்கிறது மாடசாமி ஒருத்தன்தான்.