வழி வரைபடத்துடன் ஒரு ரகசியத் தங்குமிடம்

அனுப்புநர்:
(கடைசிப் பத்தியில் காண்க)

பெறுநர்:
தலைமை அதிகாரி அவர்கள்,
சமூக நலத்துறை.

பொருள்: எங்கள் சட்டமன்ற உறுப்பினர் வெளியிடும் தொகுதி மடலின் அடுத்த இதழில், பெண்கள் தங்குமிடத்தின் புதிய முகவரி அச்சாவதைத் தடுத்து நிறுத்தக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய அம்மையீர்,

வாயை மூடிக்கொண்டு இருந்தது போதும் என்று முடிவு செய்துவிட்டதால் இதை எழுதுகிறேன். நான் வாயைத் திறக்காமல் இருந்ததற்கு ஒரு காரணம் இருந்தது. அந்தக் காரணத்தைத் தங்கள் துறையின் செலவிலேயே அச்சடித்து வீடு வீடாகக் கொடுத்துவிட்டார்கள். நடந்ததைக் கீழே வரிசையாகத் தங்கள் கவனத்திற்குக் கொண்டுவருகிறேன்.

1. எனக்கும் சட்டமன்ற உறுப்பினருக்கும் பழைய பகை உண்டு என்று அவருடைய அலுவலகத்தில் தங்களிடம் சொல்வார்கள். சொல்லட்டும், உண்மைதான். இருவரும் ஒரே வகுப்பில் படித்தோம். அவருடைய முதல் மேடைப் பேச்சை எழுதிக் கொடுத்தவன் நான். அன்றைக்கு அவர் ஒலிபெருக்கிக்காரருக்கும் நாற்காலிகளை வாடகைக்குக் கொடுத்தவருக்கும் மேடையிலிருந்து நன்றி சொன்னார். அதை நான் மறக்கவில்லை. மறக்கும் உத்தேசமும் இல்லை. பொதுக் கழிப்பறைத் திறப்புக்கும் கத்தரிக்கோலோடு வந்து நிற்பதால் அவருக்கு 'ரிப்பன் அண்ணன்' என்று ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயர் பரவியதில் எனக்கும் பங்கு உண்டு. இவற்றையெல்லாம் கழித்துவிட்டு மீதியைப் படிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். மீதியே போதும்.

2. என் தங்கையின் கணவர், லாரிகளுக்கு டயர் மாற்றும் பஞ்சர் கடை வைத்திருக்கிறார். மனுவில் மரியாதைக் குறைவு கூடாது என்பதால் அவரை 'அவர்' என்றே எழுதுகிறேன். கல்யாணமான புதிதில் கையால் அடித்தார். பிறகு பெல்ட். பிறகு கடையிலிருந்து எது கையோடு வந்ததோ அது. காப்பி ஆறியிருந்ததற்காக ஒருநாள் அவளுடைய விரல்களைக் கதவிடுக்கில் வைத்துக் கதவைச் சாத்தினார். கட்டுப் போட்ட மருத்துவரிடம், "காத்துல கதவு சாத்திக்கிச்சு" என்று அவளே சொன்னாள். அந்த வீட்டில் காற்று வருவதற்கு ஒரு ஜன்னல்கூடக் கிடையாது. கடைசியாக, டியூபுக்கு ஒட்டுப் போடும் சூடான இரும்பை அவள் முதுகில் வைத்தார். அன்றைக்குத்தான் கட்டிய துணியோடு வெளியே வந்தாள்.

3. வீட்டில் அடிபடும் பெண்களுக்காகத் தங்கள் துறை நடத்தும் தங்குமிடத்தில் அவளைச் சேர்த்தேன். வாசலில் பெயர்ப்பலகை கிடையாது. அக்கம்பக்கத்தில் கேட்டால் தட்டச்சுப் பள்ளி என்பார்கள். சேர்க்கும்போது உறவினர் ஓர் உறுதி தர வேண்டும்: இடத்தை யாரிடமும் சொல்வதில்லை. காப்பாளர் அம்மா என்னிடம், "பொண்டாட்டிகிட்டகூடச் சொல்லக் கூடாது சார்" என்றார். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை என்றேன். "அப்ப ரொம்ப நல்லதாப் போச்சு" என்றார்.

4. தங்கையின் கணவர் என்னைத் தேடி, நான் வேதியியல் பாடம் நடத்தும் கல்லூரிக்கே வந்தார். சைக்கிள் நிறுத்துமிடத்தில், மாணவர்கள் பார்த்துக்கொண்டிருக்க, என் சட்டையைப் பிடித்துச் சுவரில் மோதினார். "மச்சான், எங்க வச்சிருக்க அவளை? மரியாதையா கேக்குறேன், சொல்லிடு" என்றார். சொல்லவில்லை. கையில் இருந்த வீல் ஸ்பானரின் முனையால் வாயில் குத்தினார். முன்பற்கள் இரண்டு போயின. ஒன்றைத் துப்பினேன். ஒன்றை ரத்தத்தோடு விழுங்கிவிட்டேன். மறுபடி கேட்டார். மறுபடியும் சொல்லவில்லை. கீழே தள்ளி விலாவில் மிதித்துவிட்டுப் போனார். இப்போது வகுப்பில் 'சல்பேட்' என்று சொன்னால் காற்றுதான் வருகிறது. பிள்ளைகள் எனக்கு 'விசில் சார்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அதைப் பற்றி எனக்குப் புகார் இல்லை. முகவரி என் வாயிலிருந்து வரவில்லை என்ற திருப்தி எனக்கு இருந்தது.

5. அதன் பிறகுதான் தொகுதி மடல் வந்தது. முதியோர் உதவித்தொகைக்கு எங்கே எழுதிக் கொடுப்பது, கண் பரிசோதனை எந்த மருத்துவமனையில், மானிய விலையில் அரிசி எந்தக் கடையில் என்று மக்களுக்கு வேண்டிய விவரங்களை அதில் போட்டிருந்தார்கள். நல்ல காரியம்தான், மறுக்கவில்லை. தெருநாய்த் தடுப்பூசி முகாமுக்கும் இலவசத் தையல் பயிற்சிக்கும் நடுவே ஒரு கட்டம் இருந்தது. 'அடிபடும் பெண்களுக்கான ரகசியத் தங்குமிடம்' என்று தலைப்பு. 'ரகசிய' என்பது தடித்த எழுத்தில். கீழே கதவு எண், தெரு, எந்தப் பேருந்தில் ஏறி எங்கே இறங்குவது என்ற குறிப்பு, தண்ணீர்த் தொட்டியில் இடப்பக்கம் திரும்பும் அம்புக்குறியோடு வழி வரைபடம். பக்கத்தில் சட்டமன்ற உறுப்பினர் போர்வை வழங்கும் வண்ணப்படம். போர்வை வாங்குபவள் என் தங்கை. அவளுடைய வளைந்துபோன விரல்கூடத் தெளிவாகத் தெரிகிறது.

படம் எடுத்த அன்று, முகம் தெரியக் கூடாது என்று காப்பாளர் அம்மா கெஞ்சியிருக்கிறார். அதற்குச் சட்டமன்ற உறுப்பினரின் உதவியாளர், "முகம் தெரியலன்னா உதவி போய்ச் சேந்துச்சுன்னு எவன் நம்புவான்?" என்றாராம். சட்டமன்ற உறுப்பினர் என் தங்கையைப் பார்த்து, "கொஞ்சம் சிரிம்மா, போர்வைதானே குடுக்குறேன், தண்டனையா குடுக்குறேன்?" என்றாராம். படத்தில் அவள் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறாள். யார் அதட்டினாலும் சிரிக்க அவள் பழகியிருக்கிறாள்.

பஞ்சர் கடைக்கும் ஒரு பிரதி போயிற்று.

6. நான் ஆய்வகத்தில் இருந்தபோது அவர் தொலைபேசியில் அழைத்தார். குரலில் கோபமே இல்லை. "மச்சான், வீணா பல்லைப் போக்கிக்கிட்டியே. எம்.எல்.ஏவே சொல்லிட்டாரு பாரு. தண்ணித் தொட்டிகிட்ட நிக்கிறேன். லெஃப்ட்டா, ரைட்டா? ஆங், லெஃப்ட்டுன்னு போட்டிருக்கு."

நான் உடனே காப்பாளர் அம்மாவை அழைத்தேன். "கதவைச் சாத்துங்கம்மா, வந்துட்டான்" என்றேன். (மரியாதை அந்த ஒரு முறை தவறிவிட்டது.) அவர் ஓடும் சத்தம் கேட்டது. அதன் மேலேயே இரும்பில் இரும்பு விழும் சத்தமும் கேட்டது. பிறகு பெண்களின் கூச்சல். பிறகு தொலைபேசி கீழே விழுந்தது. மற்றதை என் தங்கையும் காப்பாளர் அம்மாவும் காவல் நிலையத்தில் சொல்லியிருக்கிறார்கள்.

பூட்டை உடைத்து உள்ளே வந்தவர் காப்பாளரை மேசையோடு சேர்த்துத் தள்ளினார். எதிர்ப்பட்ட ஜன்னல், பாத்திரம், தையல் மெஷின் எல்லாவற்றையும் ஸ்பானரால் அடித்துக்கொண்டே அறை அறையாகத் தேடினார். என் தங்கை சமையலறையை ஒட்டிய சாமான் அறைக்குள் இருந்தாள். அந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. சமையல்காரம்மா கதவில் முதுகைக் கொடுத்துத் தரையில் உட்கார்ந்துகொண்டார். கனத்த உடம்புக்காரர், அதை வைத்துத் தன்னையே கேலி செய்துகொள்பவர். "இங்க அரிசி மூட்டைதான் தம்பி இருக்கு. அதுல ஒண்ணு நான்" என்றார். முதல் அடி தோளில் விழுந்தது. "எந்திரிம்மா, உன்கூட எனக்கு வம்பு இல்ல" என்றார் அவர். சமையல்காரம்மா எழவில்லை. அடுத்த அடி தலையில். அதற்கும் அடுத்தது அதே இடத்தில்.

சாய்ந்த உடம்பே கதவை அடைத்துக்கொண்டது. அவர் பலகையைப் பிளந்து, உள்ளே கையை விட்டு, அகப்பட்ட என் தங்கையின் இடது கையை வெளியே இழுத்து, கதவுச் சட்டத்தில் வைத்து முறித்தார். எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது. அதற்குள் தெருவில் இருந்தவர்கள் ஓடி வந்து பிடித்தார்கள். அவருடைய சட்டைப்பையில் நான்காக மடித்த தொகுதி மடல் இருந்தது. மருத்துவமனைக்குப் போகும் வழியிலேயே சமையல்காரம்மா இறந்துவிட்டார்.

7. கொல்லும் எண்ணம் இல்லை, தள்ளுமுள்ளில் நேர்ந்தது என்று வழக்கறிஞர் வாதாடி அவரை ஜாமீனில் வெளியே கொண்டுவந்துவிட்டார். கடையை மறுபடி திறந்திருக்கிறார். தங்குமிடம் வேறு கட்டடத்துக்கு மாறிவிட்டது. கையில் கம்பி வைத்த என் தங்கையும் அங்கேதான் இருக்கிறாள். அவளைக் கண்காணாத ஊருக்கு அனுப்பிவிட்டதாக எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். அது அவர் காதுக்கும் போய், நம்பியிருக்கிறார். இப்போதைக்கு அவளுக்கு இருக்கும் ஒரே சுவர் அந்தப் பொய்தான்.

8. நியாயம் கேட்டுச் சட்டமன்ற உறுப்பினரின் அலுவலகத்துக்குப் போனேன். உதவியாளர், "உதவித் திட்டமெல்லாம் ஜனங்களுக்குத் தெரியறதில்லன்னு வருஷத்துக்கு நாலு மனு போட்டது யாரு சார்? இப்ப தெரிஞ்சிடுச்சுன்னு ஒரு மனுவா?" என்றார். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். சட்டமன்ற உறுப்பினர் என்னை உள்ளே அழைத்துத் தோளில் கை போட்டார். உண்மையிலேயே கண் கலங்கினார், அதையும் எழுதிவிடுகிறேன். பிறகு சொன்னார்: "கவலைப்படாதடா. புதுக் கட்டடம், புது இரும்புக் கேட்டு, எல்லாத்தையும் அடுத்த இதழ்ல முதல் பக்கத்துலயே போடுறோம். எவ்வளவு பத்திரமான இடம்னு ஊருக்கே தெரியட்டும். தங்கச்சி படமும் வருது." மேசையில் அச்சுக்குப் போகவிருந்த பக்கம் இருந்தது. புதிய வரைபடத்தில் அம்புக்குறி இந்த முறை சிவப்பில் இருந்தது. வேண்டாம் என்று கையைப் பிடித்துக் கேட்டேன். "உனக்கு எப்பவுமே நான் எது செஞ்சாலும் குத்தம்தான்" என்றார். பழைய பகையை அவரும் மறக்கவில்லை.

9. அந்த மடல் தங்கள் துறையின் நிதியில், தங்கள் துறையின் ஒப்புதலோடு அச்சாகிறது. எனவே அடுத்த இதழின் ஒப்புதலை உடனே நிறுத்தி வைக்க வேண்டுகிறேன். தங்குமிடத்தின் முகவரியோ படமோ இனி எந்த இதழிலும் வரக் கூடாது. பழைய இதழின் எஞ்சிய பிரதிகளையும் திரும்பப் பெற வேண்டும். உதவி தேடும் பெண்ணுக்கு ஒரு தொலைபேசி எண் போதும். வழியை அதில் பேசுபவர் சொல்வார். சமையல்காரம்மாவின் குடும்பத்துக்குச் செய்ய வேண்டியதைச் செய்யுங்கள். அதைச் செய்யும்போது மாலையும் கேமராவும் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எனக்கு எதுவும் வேண்டாம். பல் கட்டிக்கொள்ள வசதி இருக்கிறது.

10. பெயரும் முகவரியும் இல்லாத மனுக்கள் ஏற்கப்பட மாட்டா என்று தங்கள் அலுவலக ஜன்னலில் எழுதி ஒட்டியிருப்பதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் ஏற்கப்படும் ஒவ்வொரு மனுவின் நகலும் வழக்கப்படி சட்டமன்ற உறுப்பினருக்குப் போகும். அவர் அதை 'மனுவும் பலனும்' என்ற பகுதியில், மனுதாரரின் பெயர், தெருவோடு தொகுதி மடலில் போடுவார். சாக்கடை அடைப்புக்காக நான் கொடுத்த மனு அப்படித்தான் வந்தது. தங்குமிடத்துக்காக நான் மன்றாடினேன் என்று பஞ்சர் கடையில் படித்தால், அவள் இந்த ஊரிலேயே இருக்கிறாள் என்று புரிந்துகொள்ள அவருக்கு வரைபடம்கூடத் தேவைப்படாது.

ஆகவே இதில் கையெழுத்துப் போடாமலே தபாலில் சேர்க்க முடிவு செய்திருக்கிறேன். நான் யாரென்று கண்டுபிடிக்கத் தங்களுக்கு அதிக நேரம் ஆகாது. கல்லூரி வாசலில் விசில் சார் என்று கேட்டாலே போதும். தாராளமாகக் கண்டுபிடித்துக்கொள்ளுங்கள், அம்மையீர். அச்சடிக்க மட்டும் வேண்டாம்.

இடம்: எழுதவில்லை
நாள்: அடுத்த இதழ் அச்சேறும் முன்
கையொப்பம்: