கொடை நாளில் பூட்டாத வீடு

தாராவி, மும்பை
வைகாசி, வெள்ளிக்கிழமை

அன்பு மகள் முத்துமாரிக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நான் நோய்நொடி இல்லாமல் இருக்கிறேன், அங்கே திருவனந்தபுரத்தில் நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நல்ல சுகத்தோடு இருக்க முத்தாரம்மனைக் கும்பிட்டுக்கொள்கிறேன். இந்தக் கவருக்குள் வருமானச் சான்றிதழ் இருக்கிறது, முதலில் அதைப் பத்திரமாக எடுத்து வைத்துவிட்டுப் பிறகு இதைப் படி. ஃபோன் இருக்கும்போது கடிதம் என்ன கடிதம் என்று நினைப்பாய். ஃபோனில்தான் நீ இப்போதெல்லாம் சரிம்மா, வைக்கட்டுமா என்பதைத் தவிர ஒரு வார்த்தை பேசுவதில்லையே. உனக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும் என்று எனக்குத் தெரியும். நல்லதுதான், மெதுவாகப் படித்தால் அவ்வளவு நேரமும் என்னோடு இருப்பாய்.

ஊரில் அம்மன் கோயில் கொடைத் திருவிழா முடிந்து நம் சந்தில் எல்லோரும் நேற்றுத் திரும்பிவிட்டார்கள். எதிர்வீட்டுப் பானுமதி அத்தை பையைக்கூட இறக்கி வைக்காமல் என்னிடம் வந்து, “ஒங்க மவ கோயிலுக்குப் பின்னால நின்னு அழுதா மதினி, என்னட்டின்னு கேட்டா, எங்கம்மா பேசிட்டு இருக்கும்போதே போனை வச்சிட்டான்னு சொல்லுதா” என்றாள். அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. நான் கோபத்தில் வைத்தேன் என்றா நினைத்தாய்? வருடத்தில் உன்னை நேரில் பார்ப்பதே கொடைக்குத்தான், அதற்கும் அம்மா வரவில்லை, ஃபோனிலும் முகத்தில் அடித்த மாதிரி வைத்துவிட்டாள் என்றால் யாருக்குத்தான் அழுகை வராது. அதனால்தான் நடந்ததை எல்லாம் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

பானுமதி அத்தை மகன் ஹரிக்குப் போன வருடம் நடந்தது உனக்கு முழுதாகத் தெரியாது. அவனும் உன்னைப்போல அரசாங்க உதவித்தொகைக்குத்தான் எழுதிப் போட்டான். அதற்கு வேண்டிய வருமானச் சான்றிதழ் கொடுப்பதற்கு முன் வீட்டைப் பார்த்து விசாரிக்க ஆள் வருவார், அவர் வந்தது சரியாகக் கொடை வாரத்தில். நம் சனங்களுக்குத்தான் அம்மன் கொடை என்றால் வீட்டைப் பூட்டிக்கொண்டு சந்தோடு கிளம்பி ரயிலேறினால்தானே திருப்தி. இந்த வீடும் பூட்டு, பக்கத்து வீடும் பூட்டு, யாரிடம் கேட்பார் அந்த மனிதர்? இங்கே ஆள் யாரும் குடியிருக்கவில்லை என்று எழுதிவிட்டுப் போய்விட்டார். மறுபடி எழுதிப் போடுவதற்குள் கடைசித் தேதி போய்விட்டது, அந்தப் பிள்ளை கல்லூரியை விட்டுவிட்டு இப்போது மழையிலும் வெயிலிலும் பைக்கில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டிருக்கிறான். இந்த உதவி கிடைக்காவிட்டால் பிஸியோதெரபியைப் பாதியில் விட்டுவிட்டு மும்பைக்கே வேலைக்கு வந்துவிடுகிறேன் என்று நீ சொன்னாயே, அன்றைக்கே நான் முடிவு செய்துவிட்டேன். ஆன்லைனில் நம் விண்ணப்பத்தைப் போட்டுக்கொடுத்த கடைக்காரன் பைசானும், “ஆன்ட்டி, கர் பந்த் மத் கர்னா”, வீட்டைப் பூட்டிவிடாதீர்கள் என்று சொல்லித்தான் அனுப்பினான். வீட்டை ஏன் பூட்டுகிறேன் நான். உன்னிடம் சொன்னால் எனக்காக நீ கொடைக்கு வராமல் இருக்க வேண்டாம் என்று ஒற்றைக்காலில் நிற்பாய், அதனால்தான் மாட்டுங்காவில் சமையல் வேலை இருக்கிறது என்று ஒரு பொய்யைச் சொல்லிவைத்தேன்.

எல்லோரும் புறப்பட்ட அன்று என் கையில் இந்தச் சந்துச் சாவி முழுவதையும் கொடுத்துவிட்டுப் போனார்கள், துளசிக்குத் தண்ணீர் ஊற்று, குழாயில் தண்ணீர் வந்தால் எங்கள் டிரம்மையும் நிரப்பு என்று ஆளுக்கொரு வேலை. இத்தனை வீட்டுச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு சந்துக்கே சொந்தக்காரி மாதிரி திரிந்தேன், பேசுவதற்குத்தான் ஒரு ஆள் இல்லை. மாட்டுங்கா வாலாம்பாள் மாமி வீட்டுச் சமையலுக்கும் லீவு போட்டுவிட்டேன். வருடாவருடம் போல ஊருக்குத்தான் போகிறேன் என்று நினைத்து மாமி உனக்கென்று ஒரு டப்பா மைசூர்பாகு கொடுத்துவிட்டாள், வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. மாடியில் தைக்கிற இந்திக்காரப் பையன்களுக்குப் பாதியைக் கொடுத்தேன், மீதியை எறும்பு பார்த்துக்கொண்டது. பகல் முழுவதும் வாசலைப் பார்த்தபடியே இருப்பேன், கக்கூசுக்குப் போவதென்றாலும் பைசானைக் கூப்பிட்டு வீட்டு முன்னால் நிறுத்திவிட்டுத்தான் போவேன். கதவு திறந்தே கிடக்கிறது, உள்ளே வருவதற்குத்தான் யாரும் இல்லை. அப்பா போனபோதுகூட இப்படி இருந்ததில்லை மாரி, அப்போது நீ இருந்தாய்.

போன வாரம் செவ்வாய்க்கிழமை மத்தியானக் கொடைக்கு நீ வீடியோவில் கூப்பிட்டாய் அல்லவா, அம்மன் அலங்காரத்தைக் காட்டிவிட்டு ஃபோனை உன் முகத்துக்குத் திருப்பினாய். பச்சைப் பட்டும் தலை நிறையப் பிச்சிப்பூவும், எவ்வளவு இளைத்துப்போய்விட்டாய் என்று சொல்ல வாயெடுக்கிறேன், அப்போது பார்த்துத்தான் வாசலில் தோள்பையும் ஃபைலுமாக அந்த மனிதர் வந்து நிற்கிறார். ஃபோனில் வந்த மேளச் சத்தத்தில் அவர் கேட்டது எனக்கு விளங்கவில்லை, எங்கே திரும்பிப் போய்விடுவாரோ என்ற பதற்றத்தில் கட் செய்துவிட்டேன். அவ்வளவுதான் நடந்தது. வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டார், “தோ”, இரண்டு பேர் என்றேன். இன்னொருவர் எங்கே என்று உள்ளே எட்டிப் பார்த்தார், இந்த ஒற்றை அறையில் ஒளிந்துகொள்ள எங்கே இடம் இருக்கிறது. கையில் இருந்த ஃபோனைத்தான் காட்டினேன், அதுவும் அதற்குள் அணைந்து கறுத்துவிட்டது. மகள், வெளியூரில் படிக்கிறாள் என்றேன். நல்ல மனிதர்தான், ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தார், பைசானிடம் ஒரு சாட்சிக் கையெழுத்து வாங்கினார், போய்விட்டார். நீ ஊரில் அழுத நேரத்தில் நான் இங்கே உனக்குத் திரும்பத் திரும்ப ஃபோன் போட்டுக்கொண்டிருந்தேன், கோயில் கூட்டத்தில் லைனே கிடைக்கவில்லை. அவர் வந்து போன பிறகும் விளக்கு வைக்கும்வரை கதவைத் திறந்து வைத்துக்கொண்டுதான் இருந்தேன், மூட மனசு வரவில்லை.

இப்போது கைக்கு வந்திருக்கும் இந்தச் சான்றிதழை இரண்டு மூன்று ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு ஒரிஜினலைக் கல்லூரி ஆபீசில் நீயே நேரில் கொடு, தோழிகளிடம் கொடுத்தனுப்பாதே. கொடுத்ததற்கு ரசீது கேள், பாங்கிக் கணக்கோடு ஆதார் சேர்ந்திருக்கிறதா என்றும் பார்த்துக்கொள். அங்கே மழை தொடங்கிவிட்டதாம், ஈரத்தலையோடு ஃபேனுக்கு அடியில் படுக்காதே. இளைத்தது போதும், ஒரு முட்டையாவது தினம் சாப்பிடு. அப்பா இல்லாத வீட்டில் நீ படித்து நிற்பது ஒன்றுதான் எனக்குத் தெம்பு, எந்தக் குறையும் இல்லாமல் நீ நன்றாக இருக்க வேண்டும் என் கண்ணே.

ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. இந்தச் சான்றிதழ் இந்த வருடத்துக்கு மட்டும்தானாம், அடுத்த வருடமும் கொடைச் சமயத்தில் மறுபடி வீடு பார்க்க ஆள் வருவாராம். அடுத்த வருடமும் நான் ஊருக்குப் போகமாட்டேன். நீயும் போகாதே மாரி, அம்மனிடம் நான் சொல்லிக்கொள்கிறேன், நீ நேராக இங்கே வந்துவிடு. சந்து முழுக்கப் பூட்டிக் கிடக்கட்டும். அந்த மனிதர் வந்து வீட்டில் எத்தனை பேர் என்று கேட்கும்போது நாம் இரண்டு பேரும் வாசலில் நிற்கலாம்.

உன்னையே நினைத்திருக்கும் அம்மா,
கோமதியம்மாள்