கதிரைக்குக் கீழே ஈரம்

2025 மார்ச் 3, திங்கள்

சாந்து அக்கா என் கமெண்டுக்கு ஹார்ட் போட்டுவிட்டார்!!! மூன்று வருடம். ஒரு வீடியோ விடாமல் பார்த்ததற்கு இன்றைக்குத்தான் பலன். மதுரைப் பக்கத்தில் தனி ஆளாய்ச் சுவர் எழுப்பி யூடியூப்பில் போடுகிற மேசன் அக்கா அவர். நாலு லட்சம் பேர் பார்க்கிறார்கள். மன்னார்த் தீவில் கிறிஸ்ரினா என்று இருபது வயதில் ஒருத்தியும் பார்க்கிறாள் என்று இப்போது அவருக்குத் தெரியும். உடனே ஸ்கிரீன்ஷாட் எடுத்து, பக்கத்து ஊர்த் தாராபுரத்தில் இருக்கும் சிநேகிதி நுஸ்ரியாவுக்கு அனுப்பினேன். "உனக்கு விசரடி" என்று பதில் வந்தது. அவளும் சப்ஸ்கிரைபர்தான்.

அப்பாவை இன்று ஆசுப்பத்திரியிலிருந்து கூட்டி வந்தோம். சிறுநீரில் கிருமி. இந்த வருடம் இது இரண்டாம் தரம்.

"ஐயா தண்ணி குடிக்கிறேல்லையோ? இப்பிடியே போனா கிட்னிக்குப் போயிடும்" என்றார் டொக்டர்.

"ஒரு நாளைக்கு ஆறு கோப்பை குடுக்கிறன் டொக்டர். மாதா மேல ஆணை" என்றா அம்மா.

"இல்லை" என்றார் அப்பா.

போன வருடம் பாரிசவாதம் வந்து வலப்பக்கம் விழுந்த பிறகு அவருக்கு மிஞ்சின ஒரே சொல் அது. பசித்தாலும் இல்லை, சிரித்தாலும் இல்லை.

மார்ச் 5, விபூதிப் புதன்

கண்டுபிடித்துவிட்டேன்.

அப்பாவின் சக்கரக் கதிரை பகலெல்லாம் பின்வளவில் வேம்புக்குக் கீழே நிற்கும். அம்மா விபூதி பூசக் கோவிலுக்குப் போய்விட்டா. நான் குசினி யன்னலால் பார்த்தேன். அப்பா இடது கையால் தேத்தண்ணிக் கோப்பையை எடுத்தார். ஒரு மிடறு குடித்தார். பிறகு மெதுவாக, சத்தமே வராமல், மிச்சத்தைக் கதிரைக்குப் பக்கத்தில் ஊற்றினார். செருப்புக் காலால் மணலைத் தள்ளி மூடினார்.

ஓடிப்போய்ப் பார்த்தேன். கதிரைக்குக் கீழே ஒரே ஈரம். சீனிக்கு எறும்பு. எத்தனை நாளாய்?

"ஏனப்பா?"

அப்பா வளவின் கடைசியில் இருக்கும் கக்கூசைப் பார்த்தார். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

விளங்கிவிட்டது. அங்கே போக முப்பத்திநாலு எட்டு. மணலில் சில்லு புதையும். அம்மா கக்கத்தில் பிடிப்பா, நான் காலைத் தூக்குவேன். உள்ளே இடமில்லை, கதவு பூட்டாது, சாரத்தை நான்தான் பிடிக்க வேண்டும். கடலில் தனியாய் வலை இழுத்த சந்தியோகு, என் அப்பா. மகள் சாரம் பிடிக்கிறதைவிடத் தண்ணி இல்லாமல் சாகலாம் எண்டு நினைச்சிருக்கிறார்.

கட்டுறன். பின்கதவோட ஒட்டி, படி இல்லாமல், அகலக் கதவு வைச்சு. வீட்டுத்திட்டத்தில மிஞ்சின கல் கிடக்கு. சாந்து அக்கா இருக்கிறார். வேற என்ன வேணும்?

மார்ச் 8, சனி

அத்திவாரம் தோண்டத் தோண்ட மணல் சரிகிறது. அம்மா தோண்டின கிடங்கின் கரையில் ஒருசந்தி நோன்பு வயிற்றோடு நின்றா.

"சுவாமியைக் கூப்பிட்டு மந்திரிச்சுப்போட்டுத் துவங்குவம் பிள்ளை."

"கக்கூசுக்கோ?"

"கக்கூசெண்டா ஆண்டவர் வரமாட்டாரோ?"

"வரமாட்டார். மணலில வீடு கட்டுறவன் மடையன் எண்டு சொன்னவர்தானே? மன்னாரில வேற என்னத்தில கட்டுறது? அவர் இஞ்ச வந்து பாத்தாரோ?"

அம்மாவுக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. சிலுவை போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டா.

நான் பூசைக்குப் போய் ஒரு வருடம். அப்பா விழுந்த அன்று ஆசுப்பத்திரி நிலத்தில் முழங்காலில் இருந்து முழுச் செபமாலையும் சொன்னேன். "இல்லை" என்று பதில் வந்தது. அவ்வளவுதான். அம்மாவிடம் இதைச் சொன்னதில்லை.

மார்ச் 9

கையில் ஏழு கொப்புளம். எட்டாவது உடைந்துவிட்டது.

மார்ச் 16, ஞாயிறு

நிலம் போட்டாச்சு! சுவர் மூன்றும் எழும்பி, உள்பக்கம் பூசியும் முடிந்தது! மட்டம் பார்க்க, தண்ணீர் நிரப்பிய டியூபைப் பிடித்துக்கொண்டு கதிரையில் இருந்தவர் அப்பா. நான் ஒரு முனை, அவர் ஒரு முனை. மட்டம் பிழைத்தால் "இல்லை" என்பார். நல்ல வேலையாள். ஸ்டோரி போட்டேன். முந்நூறு வியூ. சாந்து அக்கா, நீங்கள் பார்க்க வேண்டும்!

மார்ச் 20, வியாழன்

சுவரில் வெள்ளையாய் ஏதோ பூத்திருக்கிறது. விரலால் தொட்டால் மா மாதிரி உதிர்கிறது. நிலத்திலும்தான். தண்ணீர் காணாதோ? சீமெந்து பழசோ? படம் எடுத்துச் சாந்து அக்காவின் வீடியோவுக்குக் கீழே கேட்டேன்.

மார்ச் 21

பதில் போட்டிருக்கிறார். ஒரே ஒரு வரி.

"தங்கச்சி, கலந்த தண்ணிய நாக்குல வச்சுப் பாத்தீங்களா?"

கிணற்றடிக்குப் போய் நாக்கில் வைத்தேன்.

உப்பு.

இருபது வருடம் இந்தக் கிணற்றில் குளிக்கிறேன், உடுப்புத் தோய்க்கிறேன். வாயில் வைத்ததில்லை. எங்களுக்குக் குடிக்கிற தண்ணீர் பவுசர் லொறியில் வரும். அதில் ஒரு செம்பு சிந்தினாலும் அம்மா பேசுவா. அதைச் சீமெந்தில் ஊற்ற இந்த வீட்டில் ஆருக்கு மனம் வரும்? வீடியோவில் அக்கா கிணற்றுத் தண்ணீர்தான் ஊற்றினார். அது அவருடைய ஊர்க் கிணறு.

மார்ச் 22, சனி

அப்பாவுக்குப் பின்னேரம் திரும்பக் காய்ச்சல்.

நான் சுத்தியலை எடுத்துக்கொண்டு போய் உடைச்சன். பூச்சு முழுக்க. நிலம் முழுக்க. இரண்டு கிழமை வேலை, ஒரு மணித்தியாலத்தில குப்பை. உடைக்க உடைக்கக் கத்தினனான். அப்பாவுக்குக் கேக்கும் எண்டும் பாக்கேல்லை. "உமக்குக் கண் இல்லையோ? ஒரு மனுசன் மானத்தோட மூத்திரம் பெய்யக் கேட்டது பெரிய காரியமோ? என்னத்துக்கு மேல இருக்கிறீர்?" எண்டு. இன்னும் கனக்க. எழுதேலாது.

இப்ப இருந்து யோசிக்கிறன். ஒரு வருசமாய் ஆண்டவரோட ஒரு சொல்லும் கதைக்கேல்லை. இண்டைக்கு ஒரு மணித்தியாலம் கதைச்சிருக்கிறன்.

அங்க ஒருத்தரும் இல்லையெண்டா, நான் ஆரைத் திட்டினனான்?

மார்ச் 23, ஞாயிறு

காலையில் படலைக்கு முன்னால் ஓட்டோ. நுஸ்ரியா. பின்னால் தண்ணீர்க் கான், பதினொன்று. தாராபுரத்தில் அவர்கள் கிணறு நல்ல தண்ணீர்.

"அடியேய், வாயைப் பாத்துக்கொண்டு நிக்காமல் இறக்கடி. நோன்போட தூக்கி ஏத்தினனான்."

"குடிக்கிற தண்ணியடி இது."

"உன்ர சாந்து அக்காவுக்குக் கீழ நீ அழுத கமெண்டை நாலு லட்சம் பேர் பாத்தவை. நான் பாக்கமாட்டனோ?" பிறகு வேம்புக்குக் கீழே இருந்த அப்பாவைப் பார்த்துச் சத்தத்தைக் குறைத்தாள். "எனக்கும் நோன்பு, அவருக்கும் நோன்பு. எனக்கு ஆறரையோட முடிஞ்சிடும். அவருக்கு எப்ப முடியும்?"

கானைத் தூக்கினேன். அவளுடைய நானா, அண்ணன்தான், அவரின் ஓட்டோவில் கிழமைக்கு இரண்டு தரம் வருவாளாம்.

அம்மாவோடு வாதாட வேண்டுமென்று அந்த மணல் வீட்டுக் கதையைப் போனில் தேடினேன். லூக்கா நற்செய்தியில் வேறு மாதிரி இருக்கிறது. பாறையில் வீடு கட்டின நல்லவனுக்கும் பாறை சும்மா கிடைக்கவில்லை. ஆழமாய்த் தோண்டினானாம். இதை எனக்கு ஒருத்தரும் சொன்னதில்லையே. சொல்லியிருப்பினம், நான் கேட்டிருக்கமாட்டன்.

நாளைக்குச் சுவரையும் பிரித்து, அத்திவாரத்தையும் கிளறி, இன்னும் இரண்டு அடி தோண்டப் போகிறேன்.

ஏப்ரல் 2

காய்ச்சல் விட்டுவிட்டது. அப்பாவுக்கு நானே கரண்டியால் தண்ணீர் பருக்குகிறேன். பத்துக் கரண்டிக்குப் பிறகு வாயை மூடிக்கொள்கிறார். சண்டை பிடிக்கவில்லை. "கொஞ்ச நாள் பொறுங்கோ அப்பா" என்றேன்.

ஏப்ரல் 12, சனி

சுவர் திரும்ப எழும்பிவிட்டது. புது நிலம் போட்டு இழுத்து மட்டம் பண்ணி, கை கழுவப் போன இடைவெளியில், தெருவில் திரிகிற கழுதைகளில் ஒன்று உள்ளே வந்து நடுவில் நின்றுகொண்டிருக்கிறது. கத்தினேன். அது என்னைப் பார்த்தது. அவசரப்படாமல், ஒவ்வொரு காலாய் எடுத்து வைத்து வெளியே போனது.

ஏப்ரல் 13, குருத்தோலை ஞாயிறு

அம்மா கோவிலால் குருத்தோலையோடு வந்து குளம்பு அடையாளங்களைப் பார்த்தா. "ஆண்டவர் கக்கூசுக்கு வரமாட்டார் எண்டு சொன்னனீ? குருத்தோலை நாளில அவர் ஏறி வந்த வாகனம் வந்து நிண்டிட்டுப் போயிருக்கு!" விழுந்து விழுந்து சிரித்தா. அப்பாவும் சிரித்தார். இந்த வீட்டில் சிரிப்புக் கேட்டு எவ்வளவு காலம்.

பள்ளங்களை நிரப்பச் சாந்தகப்பையை எடுத்தேன். "இல்லை!" என்றார் அப்பா. இடது காலை நிலத்தில் தேய்த்துக் காட்டினார். வழுக்காதாம். அப்படியே விட்டுவிட்டேன்.

ஏப்ரல் 16

பிடித்து எழும்ப, இடப்பக்கச் சுவர் நீளத்துக்கு அப்பாவின் வள்ளத்துக் கயிறு. சுவரில் பதித்த வளையத்தில் முடிச்சுப் போட்டது அப்பா. ஒரு கையாலும் பல்லாலும். நான் இழுத்துத் தொங்கிப் பார்த்தேன். அசையவில்லை.

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி

போனேன். கடைசி வாங்கில், கதவுக்குக் கிட்ட, வேண்டுமென்றால் ஓட வசதியாக.

பாடுகளின் வாசகம் நீளம். கால் மாற்றி மாற்றி நின்றேன். சிலுவையில் தொங்குகிறவர் தாகமாயிருக்கிறது என்று சொல்கிற இடம் வந்தது.

தாகம்.

இருபது வருடம் கேட்ட வாசகம். கிணற்றுத் தண்ணீர் மாதிரித்தான், வாயில் வைத்ததில்லை. உடுப்பும் இல்லாமல், ஊர் முழுக்கப் பார்க்க, தாய் கீழே நிற்க, ஒரு வாய் தண்ணீர் கேட்கிறார். அந்த மனுசருக்கு என்ர அப்பாவைத் தெரியும். வேறு ஆருக்கு அப்படித் தெரியும்?

அழுதுவிட்டேன். பக்கத்தில் நின்ற அன்ரி கண் துடைக்க லேஞ்சி தந்தா. சிலுவை முத்தி செய்ய வரிசையில் போனேன். ஓடவில்லை.

ஏப்ரல் 20, உயிர்த்த ஞாயிறு

காலைப் பூசைக்கு அம்மாவும் நானும். தீர்த்தத்தில் விரல் வைத்தபோது சீமெந்து வெடிப்புகளில் எரிந்தது.

வீட்டுக்கு வந்து அப்பாவைக் கதிரையோடு புதுக் கதவு வரைக்கும் தள்ளினேன். ஒரு படி இல்லை, ஒரு குலுக்கல் இல்லை. உள்ளே போய்க் கயிற்றைப் பிடித்தார். "நிக்கட்டோ அப்பா?"

"இல்லை."

வெளியே வந்தேன். கதவைச் சாத்தினார். பிறகு உள்ளேயிருந்து கொண்டி விழுகிற சத்தம்.

அம்மாவும் நானும் ஒருத்தரை ஒருத்தர் பார்க்காமல் நின்றோம். நுஸ்ரியாவுக்கு ஒரு குரல் செய்தி அனுப்பினேன்: "உன்ர தண்ணியில கட்டினது நிக்குதடி." வேறு ஒருத்தருக்கும் சொன்னேன், போன் இல்லாமல். இந்த முறை திட்டவில்லை.

ஏப்ரல் 24

சாந்து அக்காவுக்கு வீடியோ அனுப்ப மறந்துபோனேன். நானா மறந்தேன்?!

அப்பா இன்று தேத்தண்ணி குடித்து முடித்து, வெறுங்கோப்பையை என்னிடம் நீட்டினார். நிரப்பிக் கொடுத்தேன். திரும்பவும் நீட்டினார்.

அவர் உள்ளே போன நேரம் கதிரை நின்ற இடத்தில் குந்தி மணலைத் தொட்டுப் பார்த்தேன். காய்ந்திருந்தது.