கத்தரி பட்ட ஆர்க்கிட்

அன்புள்ள வீட்டம்மாவுக்கு,

உன் வீட்டுக்காரன் எழுதுவது. இங்கே நானும் உன் ஆர்க்கிட்டும் உயிரோடு இருக்கிறோம். அங்கே மகளும் மாப்பிள்ளையும் பேத்தியும் சுகமாக இருக்க வேண்டும்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் உன் மகள் ஸ்பீக்கரைப் போட்டுவிடுகிறாள். நான் இருமினால்கூட மாப்பிள்ளை, "மாமா, மருந்து சாப்டீங்களா?" என்கிறார். போன ஞாயிற்றுக்கிழமை அவள், "அப்பா, நான் வேலைக்குத் திரும்பணும், அம்மா இன்னும் ஆறு மாசம் இருக்கட்டுமே" என்றபோது, இத்தனை பேர் கேட்கிறார்களே என்று, "அதுக்கென்ன, தாராளமா இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டேன். மாத முடிவுக்குள் நீ திரும்பி வரும் விமான டிக்கெட்டை மாற்ற வேண்டுமாம். அதற்குள் இது உன் கைக்கு வந்துவிட வேண்டும்.

முதலில் செடி விஷயம். நீ வந்து பார்த்துக் குதிப்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். மண்ணும் இல்லாமல் தொட்டியும் இல்லாமல், குளியலறை ஜன்னலில் மரக்கூடையில் அந்தரத்தில் தொங்குகிற செடியை என்னிடம் விட்டுப் போனாய். அதன் வேர்கள் ஒன்று முழ நீளம், ஒன்று விரல் நீளம், கன்னாபின்னாவென்று தொங்கின. சலூனிலேயே நரைத்தவன் கண்ணுக்கு அது வெட்டாத தலைமுடியாகத்தானே தெரியும்? பல் தேய்க்கும்போதெல்லாம் கை துறுதுறுத்தது. ஒரு நாள் கத்தரியை எடுத்து எல்லாவற்றையும் ஒரே அளவாக வெட்டிவிட்டேன். பின்பக்கம் கொஞ்சம் ஏற்றியும் விட்டேன். அழகாகத்தான் இருந்தது.

நாலே நாளில் இலை சுருங்கிப்போயிற்று. நர்சரிக்காரரிடம் படம் காட்டினேன். தலையில் அடித்துக்கொண்டார். "அண்ணே, அதுக்கு வாயே அந்த வேருதான். வாயை வெட்டிட்டு சோறு ஊட்டுனா எப்படி?" என்றார்.

அன்றிலிருந்து கடை திறக்கும் முன் மிச்சமிருக்கும் வேரை வாளித் தண்ணீரில் ஊறவைக்கிறேன். சாம்பல் நிறம் பச்சையாகும் வரை பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கிறேன். இலை இடுக்கில் தண்ணீர் தங்கினால் அழுகிவிடுமாம். துண்டின் முனையை முறுக்கி ஒற்றி எடுக்கிறேன். எனக்கு ஒரு நாளாவது இப்படிச் செய்திருப்பீர்களா என்று நீ கேட்பது இங்கேயே காதில் விழுகிறது.

கடையில் யாராவது, "வீட்ல எப்ப வர்றாங்க?" என்று கேட்டால், அவர் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துவிட்டுக் காதோரம் கத்தியை வைக்கிறேன். அதற்கு மேல் யாரும் பேசுவதில்லை. மத்தியானம் வீட்டுக்குச் சாப்பிட வருவதையும் நிறுத்திவிட்டேன். கதவைத் திறந்ததும் யாரும், "செருப்பை வெளியில விடுங்க" என்று கத்தாத வீட்டுக்கு என்ன வருவது?

நல்ல செய்தியும் உண்டு. வெட்டிய வேர்களில் புது நுனி பச்சையாகக் கிளம்பியிருக்கிறது. இலையும் நிமிர்ந்துவிட்டது. அடி இலை இடுக்கில் அரிசி அளவுக்கு ஒரு முளை வேறு. பூங்கொத்தாகவும் இருக்கலாம், வேராகவும் இருக்கலாம், பொறுத்துப் பாருங்கள் என்கிறார் நர்சரிக்காரர். நீ வாங்கி வந்த நாளிலிருந்து பூக்காத செடி. நீயாக இருந்தால் பார்த்ததுமே சொல்லிவிடுவாய்.

பூவாக இருந்தால், அதைச் சாக்காக வைத்து உன்னை வரச் சொல்லலாம் என்று காத்திருந்தேன். இன்று காலை ஸ்டூலில் உட்கார்ந்திருந்தபோது எனக்கே வெட்கமாகிவிட்டது. பெண்டாட்டியைக் கூப்பிடச் சாக்கு எதற்கு? போனில் நான் சொன்னது பொய். நீ இல்லாமல் என்னால் முடியவில்லை.

மகளுக்கும் ஆள் வேண்டும், புரிகிறது. நீ வந்து கொஞ்ச நாள் இரு. பிறகு கடையைப் பூட்டிவிட்டு இரண்டு பேருமாக அங்கே போவோம். பேத்தியை நான் பார்த்துக்கொள்கிறேன். அவள் தலையில் கத்தரி வைக்க மாட்டேன் என்று மகளிடம் சத்தியம் செய்து தருகிறேன்.

மகள் மேல் கோபம் இல்லை. அவள் குடும்பம் நூறு வருடம் நன்றாக இருக்கட்டும். பேத்திக்கு என் முத்தம்.

முளை இன்னும் அப்படியேதான் இருக்கிறது. அது வேராக இருந்தாலும் வா.

உன் வழி பார்த்திருக்கும்,
வீட்டுக்காரன்