அதட்டத் தெரிந்த பிறகு

அண்ணே,

எதிர்வீட்டுப் பெண் வேலைக்கான நேர்காணலுக்குப் பழகிக்கொண்டிருக்கிறாள். குரலில் அதிகாரம் போதவில்லை என்று கல்லூரியில் சொல்லி அனுப்பினார்களாம். காலையிலிருந்து மொட்டைமாடியில் சத்தமாகப் பேசிப் பேசிப் பார்க்கிறாள். கேட்கப் பிடிக்காமல் சன்னலைச் சாத்திவிட்டு வந்து உனக்கு எழுதுகிறேன்.

சுதந்திரம் வந்து ஏழெட்டு வருஷம் இருக்கும். ராசிங்காபுரத்தில் நம் தெருவுக்கே நீதான் முதல் பி.ஏ. மலையில் எஸ்டேட் வைத்திருந்த ஒரு முதலாளி, போடியிலிருந்த தன் ஏலக்காய்க் கடைக்கு உன்னை வரச் சொன்னார். அப்பாவும் கூட வந்தார். சான்றிதழை முதலாளி பிரித்துக்கூடப் பார்க்கவில்லையாம். காய் பொறுக்கும் பெண்களில் வயதான ஒருத்தி சுவரில் சாய்ந்து கண்ணயர்ந்திருந்தாளாம்.

"படிப்பெல்லாம் இருக்கட்டும் தம்பி. அந்தா சாஞ்சு கெடக்காளே, அவள எந்திரிக்க வையி, பாப்போம்."

நீ குனிந்து, "ஆத்தா, செத்த எந்திரிங்க" என்றாய். கடையே சிரித்தது. ஆள் மேய்க்க இந்த வாய் ஆகாது என்று அனுப்பிவிட்டார்கள். உன்னைப் படிக்க வைத்ததற்கு ரெண்டு மாடு வாங்கி விட்டிருக்கலாம் என்று அப்பா அம்மாவிடம் சொன்னார். உன் காதில் விழத்தான் சொன்னார்.

அதன்பிறகு ஒருநாள் தோட்டத்துக்குக் கஞ்சி கொண்டுவந்த நான் வரப்பிலேயே நின்றுவிட்டேன். கிணற்றடியில் யாருமில்லாத இடத்தைப் பார்த்து, "எந்திரிடி" என்று கத்திக்கொண்டிருந்தாய். என்னைக் கண்டதும் வெட்கத்தோடு சிரித்தாய்.

"எஸ்டேட்டு சோலிக்கு இதான் வேணுமாம், தாயி."

மறு வருஷம் அதே முதலாளி உன்னைச் சேர்த்துக்கொண்டார். பொங்கல் முடிந்து அம்மாவும் நானும் பலகாரத்தோடு குரங்கணிக்கு மேலே எஸ்டேட்டுக்கு ஏறி வந்தோம். காய்ச்சலில் பாதையோரம் உட்கார்ந்துவிட்ட ஒரு பெண்ணின் முன்னால் நின்றிருந்தாய். அவள் தடுமாறி எழுந்து சுமையைத் தூக்கும்வரை உன் குரல் தணியவில்லை. எங்களைப் பார்த்தாய். வெட்கப்படவில்லை.

அந்தக் குரலை மலையிலேயே விட்டுவிட்டு இறங்கியிருக்கலாம். அண்ணியிடமும் பிள்ளைகளிடமும் அதிலேயே பேசினாய். படுக்கையில் விழுந்தபின் உன்னைப் பார்க்க வந்து உட்கார்ந்திருந்த என்னிடமும், "தண்ணி கொண்டா" என்று அதட்டினாய்.

நீ போன அன்று முதலாளி வீட்டார் மாலையோடு வந்து, இப்படி ஓர் ஆள் இனிக் கிடைக்கமாட்டார் என்றார்கள். உன்னிடம் வேலை பார்த்தவர்களில் ஒருவர்கூட இறங்கி வரவில்லை. அண்ணி அழவில்லை.

இத்தனை வருஷமாகியும் தெருவில் யாராவது குரலை உயர்த்தினால் போதும். சோற்றில் கை வைத்திருந்தாலும் நான் எழுந்து நின்றுவிடுகிறேன்.