சிவப்புப் படிகளும் நாலு சக்கரமும்

என் பிரியமுள்ள மாமா,

உங்கள் படத்துக்கு நான் மோட்டார் வைக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், மீதியை நீங்கள் பதறாமல் கேட்கலாம்.

விழுப்புரத்தில் உங்கள் வீட்டுக் கூடத்தில் அதே சுவரில்தான் படம் இருந்தது. நெட்டுக்குத்தாக வரிசையாய் நிறுத்திய மெல்லிய ரீப்பர் கட்டைகள், ஒவ்வொன்றுக்கும் இடப்பக்கம் ஒரு நிறம், வலப்பக்கம் ஒரு நிறம். இந்தக் கோடியிலிருந்து பார்த்தால் சிவப்புப் படிக்கட்டுகள். நடக்க நடக்க அவை நெளிந்து, அந்தக் கோடிக்குப் போவதற்குள் கருநீலக் கட்டங்களாகிவிடும். பெரு நாட்டு மலைக்காரர்கள் ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் நெய்த ஒரு துணியின் போட்டோவைப் பார்த்துப் பார்த்து நீங்கள் செய்தது. அந்தச் சிவப்பைச் சப்பாத்திக்கள்ளிப் பூச்சியிலிருந்து எடுத்தார்கள் என்று எங்கோ படித்துவிட்டு, பெருமுக்கல் போகும் வழியில் என் வண்டியை நிறுத்தி முள்ளுக்குள் கையை விட்டீர்களே! டிராயிங் வாத்தியார் மாமாவுக்குக் கிறுக்கு முற்றிவிட்டது என்று திண்டிவனம் முழுக்கச் சொல்லிச் சிரித்தவன் நான்தான்.

எனக்குத் தெரிந்ததெல்லாம் என் ரிப்பேர்க் கடையில் உட்கார்ந்து மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் கட்டுவது. "மாமா, சின்னதா ஒரு மோட்டார் வச்சா கட்டைங்க தானா திரும்பும். ஜனங்க உக்காந்துக்கினே பாக்கலாம்" என்றேன். "படம் சும்மா நிக்கணும் மச்சான், பாக்கறவன் நடக்கட்டும்" என்றீர்கள். அதற்குக் கோபித்துக்கொண்டு ஆறு மாதம் உங்கள் வாசலை மிதிக்காத மடையன் நான்.

அப்புறம் முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரி. அக்கா டீ வாங்கப் போயிருந்தாள். இரண்டு காலும் வராமல் படுத்திருந்த நீங்கள் என் சட்டையைப் பிடித்து இழுத்தீர்கள். "படுத்துக்கினு இருக்கறவன் எப்படி மச்சான் பாப்பான்? ஏதாவது பண்ணு." "மொதல்ல எழுந்து வாங்க மாமா, பாத்துக்கலாம்" என்றேன். ஏன் அப்படித் தள்ளிப்போட்டேன்? நீங்கள் எழுந்து வரவே இல்லை.

காரியம் முடிந்ததும் அக்காவிடம் இதைச் சொல்லி, மோட்டார் வைக்கட்டுமா என்று கேட்டேன். "போனவரு வந்து இல்லன்னு சொல்ல மாட்டாருன்னு தைரியமாடா ஒனக்கு? இப்பவும் அவர ஜெயிக்கணுமா?" என்றாள். நாம் இரண்டு பேர் மட்டும் பேசிக்கொண்டதற்கு நான் யாரைச் சாட்சிக்குக் கூப்பிடுவேன்? ரொம்ப வலித்தது மாமா.

போன மாதம் அக்கா வழுக்கி விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டாள். கூடத்திலேயே கட்டில், படத்துக்கு நேர் எதிரே. படுத்த இடத்திலிருந்து அவளுக்குச் சிவப்பும் நீலமும் கலந்த கலவரம்தான் தெரிந்தது. "அவரு இங்கியே நின்னுக்கினு மூஞ்சியக் காட்ட மாட்டன்றாருடா" என்று அழுதாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நீங்கள் மோட்டார் என்று சொல்லவே இல்லையே. ஏதாவது பண்ணு என்றுதானே சொன்னீர்கள்? மறுநாள் கடையிலிருந்த பழைய ஏர்கூலர் ஸ்டாண்டின் நாலு சக்கரத்தைக் கழற்றி வந்தேன். படத்தைச் சுவரிலிருந்து இறக்கி, சக்கரம் வைத்த சட்டத்தில் நிறுத்தி, கட்டிலுக்கு எதிரே மெதுவாகத் தள்ளிக்கொண்டு போனேன்.

சிவப்புப் படிகள் ஏறி, நெளிந்து, நீலமாயின. அக்கா கண் கொட்டவில்லை. "இன்னொரு தரம் தள்ளுடா" என்றாள். ஏழெட்டு தரம் தள்ளியிருப்பேன். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "படுத்தப்பறம்தான் எனக்கே புரியுது. ஆஸ்பத்திரில அவரு ஒங்கிட்ட கேட்டுத்தான் இருக்காரு" என்றாள்.

தினமும் சாயங்காலம் கடையைச் சாத்திவிட்டு பஸ் ஏறி வந்துவிடுகிறேன். அக்கா எழுந்த பிறகும் அந்தச் சக்கரங்களைக் கழற்ற மாட்டேன். நடக்க முடிந்தவர்கள் நடந்து பார்க்கட்டும் மாமா. முடியாதவர்களுக்காக நான் நடக்கிறேன்.

சண்டையை முடித்துக்கொண்ட,
உங்கள் மச்சான்