இடது பக்கத்து அளவு

கிட்வாய் நகர், தில்லி
ஞாயிறு

அன்புள்ள ஷ்வேதா அப்பாவுக்கு,

அகல்யா எழுதுவது. நானும் ஷ்வேதாவும் சௌக்கியம். கௌஹாத்திக் குளிரில் உங்கள் இருமல் எப்படி இருக்கிறது? மப்ளரைப் பெட்டியிலேயே வைத்திருக்காமல் கழுத்தில் சுற்றிக்கொள்ளுங்கள்.

தினமும் போனில் பேசுகிறவளுக்குக் கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். என் போன் பாதி நேரம் உங்கள் பெண்ணிடம்தான் இருக்கிறது. வாட்ஸ்அப்பில் நான் எழுதுவதை உங்களுக்கு முன்னால் அவள் படித்துவிடுகிறாள். கையால் தமிழில் எழுதினால் அவளுக்கு ஒரு வரியும் ஓடாது. பெண்ணுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கவில்லை என்று உங்கள் அண்ணி இத்தனை வருஷமாகக் குறைபட்டது, இன்றைக்கு எனக்குச் சௌகரியமாகப் போயிற்று.

குளியலறைச் சுவரில் மறுபடி ஈரம் இறங்குகிறது. புகார் கொடுத்தேன், ஆள் வந்து சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போனார். ஷ்வேதாவுக்குப் பத்தாம் வகுப்பு மாதிரித் தேர்வு தொடங்கிவிட்டது. கணக்கைத் தவிர மற்றதெல்லாம் ஜல்தி ஜல்தி முடித்துவிடுகிறாள். ஆஸ்பத்திரியில் என்னை இனி ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்தால் போதும் என்று சொல்லிவிட்டார்கள். இதை நான் போனில் சொன்னபோது, "அச்சா, நல்லது" என்று சொல்லிவிட்டு, கேஸ் சிலிண்டர் வந்ததா என்று கேட்டீர்கள். வந்துவிட்டது.

இனி ரவிக்கை விஷயம்.

ஆபரேஷனுக்குப் பிறகு நான் தையல்காரரிடம் போகவே இல்லை. இடது மார்பை எடுத்த இடத்தில் டேப்பை வைத்ததும் அந்த மாஸ்டர்ஜி ஒரு நொடி தயங்குவாரே, அந்த நொடிக்குப் பயந்துதான் பழைய ரவிக்கைகளை வைத்து ஓட்டிக்கொண்டிருக்கிறேன். நான் சொல்லாமலே அது உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. உங்கள் அண்ணன் மகள் மதுவின் கல்யாணத்துக்கு, போன் முன்னால் நின்றாலே உடம்பை அளந்து தைத்து அனுப்பும் கம்பெனியைத் தேடிப் பிடித்தீர்கள். யாரும் தொட வேண்டாம், யாருக்கும் பதில் சொல்ல வேண்டாம் என்றீர்கள். அன்று முழுக்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நிஜமாகத்தான் சொல்கிறேன்.

ஷ்வேதா பள்ளிக்குப் போன பிறகு திரைச்சீலையை இழுத்துவிட்டு, போனை மேஜைமேல் சாய்த்து வைத்தேன். இறுக்கமான உடை வேண்டும் என்று குறிப்பில் போட்டிருந்ததால் அவளுடைய பனியனையும் லெகிங்ஸையும் மாட்டிக்கொண்டேன். உங்கள் மனைவி அந்தக் கோலத்தில் நின்றதைப் பார்த்திருந்தால் சிரித்திருப்பீர்கள். போனுக்குள் இருந்து ஒரு பெண் குரல் ஹிந்தியில் கையை விலக்கு, பக்கவாட்டில் திரும்பு என்று ஏவியது. உள்ளே வைத்துக்கொள்ளும் பஞ்சுப் பொதியை வேண்டுமென்றே எடுத்து வைத்துவிட்டேன். காரணம் இருந்தது. அளந்து முடித்ததும் அது வரைந்து காட்டும் என் உருவம், ஆர்டர் கொடுத்த உங்கள் போனுக்கும் வரும் என்று எனக்குத் தெரியும். என்னால் சொல்ல முடியாததை அதுவாவது உங்களிடம் காட்டட்டும் என்று நினைத்தேன்.

உருவம் வந்தது. முகம் இல்லாமல், சாம்பல் நிறத்தில், மெதுவாகச் சுற்றியது. இரண்டு பக்கமும் ஒன்றுபோல இருந்தது. ஏதோ தப்பு என்று மறுபடி நின்றேன். மறுபடியும் அப்படியேதான் வந்தது.

அன்று சாயங்காலம் நீங்கள் கூப்பிட்டீர்கள். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு உங்கள் குரலில் அவ்வளவு உற்சாகம். "பாத்தியா, நீ பழைய மாதிரியேதான் இருக்கே" என்றீர்கள். ஷ்வேதா பக்கத்தில் இருந்ததால் நான் சிரித்து வைத்தேன்.

கம்பெனிக்குப் போன் செய்து கேட்டேன். அங்கே ஒரு பெண் மரியாதையாக விளக்கினாள். அந்த மென்பொருள் நம் உடம்பின் வெளிக்கோட்டை மட்டும்தான் பார்க்குமாம்; மீதியை எல்லோருக்கும் இருப்பதுபோல் தானே நிரப்பிக்கொள்ளுமாம்; இடமும் வலமும் சமம் என்றே வைத்துக்கொள்ளுமாம். உங்களுக்கு ஏதாவது பிரச்சினையா மேடம் என்றாள். ஒன்றுமில்லை என்று வைத்துவிட்டேன். அவளிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது?

எனக்குக் கோபம் அந்த மிஷின்மேல் இல்லை. ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்த நாளிலிருந்து நான் உடை மாற்ற எழுந்தால் நீங்கள் விளக்கை அணைத்துவிடுவீர்கள். எனக்குக் கூச்சமாக இருக்கும் என்று நினைத்துத்தான் செய்தீர்கள் என்று முதலில் எடுத்துக்கொண்டேன். பிறகு கூச்சம் யாருக்கு என்று புரிந்தது. மருந்து வாங்கினீர்கள், ராத்திரியெல்லாம் கால் பிடித்துவிட்டீர்கள், வாந்தி எடுத்ததை அள்ளிப் போட்டீர்கள். அதையெல்லாம் நான் மறந்தால் எனக்குச் சோறு கிடைக்காது. ஆனால் அந்த இடத்தை மட்டும் நீங்கள் இதுவரை ஒருமுறைகூடப் பார்க்கவில்லை.

போன வாரம் காய்கறிக் கடையில் உங்கள் ஆபீஸ் ஜகந்நாதன் சாரின் மனைவி லதாவைப் பார்த்தேன். யாரும் போகத் தயங்குகிற ஊருக்கு உங்கள் வீட்டுக்காரர் தானாகக் கேட்டு மாற்றல் வாங்கிக்கொண்டு போனாரே என்று ஆச்சரியப்பட்டாள். அவள் வம்புக்காகச் சொல்லவில்லை. எனக்குத் தெரியும் என்று நினைத்துச் சொன்னாள். நானும் தெரிந்தவள்போலத் தலையாட்டினேன். மாற்றிப் போட்டுவிட்டார்கள், என்ன செய்வது என்று நீங்கள் என்னிடம் சொன்னதும், பாவம் அவர் என்று நான் உங்களுக்கு முறுக்கு சுட்டுக் கொடுத்தனுப்பியதும் ஞாபகம் வந்தது. வெண்டைக்காயை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன்.

ரவிக்கை வந்துவிட்டது. மயில் கழுத்து நிறம், நல்ல தையல். வலது பக்கம் கச்சிதமாக இருக்கிறது. இடது பக்கம் காற்றுப்போன பலூனாகத் தொங்குகிறது. பஞ்சை வைத்துக்கொண்டால் சரியாகிவிடும். கல்யாணத்தில் ஒருவருக்கும் தெரியாது. பொருந்தாவிட்டால் மறுபடி அளவு எடுத்து அனுப்புங்கள், இலவசமாகத் திருத்தித் தருகிறோம் என்று கம்பெனிக்காரர்கள் எழுதியிருக்கிறார்கள். நான் இனி அந்தப் போன் முன்னால் நிற்க மாட்டேன்.

பயந்து போயிருந்தால் பயந்தேன் என்று சொல்லுங்கள். பார்க்கப் பிடிக்கவில்லை என்றாலும் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். அதை நான் தாங்கிக்கொள்வேன். பழைய மாதிரியே இருக்கிறேன் என்று மட்டும் இனி சொல்லாதீர்கள்.

கல்யாணத்துக்கு நேராகத் திருச்சிக்கு வந்துவிடுவதாகச் சொன்னீர்கள். அப்படிச் செய்ய வேண்டாம். இரண்டு நாள் முன்னதாக இங்கே வாருங்கள். தையல் பெட்டியில் இஞ்ச் டேப் இருக்கிறது. எனக்கு நீங்கள் அளவு எடுங்கள். இரண்டு பக்கமும் தனித்தனியாக எடுக்க வேண்டும். கை நடுங்கினால் பரவாயில்லை, நான் பிடித்துக்கொள்கிறேன்.

அதுவரை உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். வேளைக்குச் சாப்பிடுங்கள். நீங்கள் வருகிற அன்று மட்டும் விளக்கை அணைக்காதீர்கள்.

உங்கள்,
அகல்யா